சில்லு தந்த சிந்தனை

விஸ்வநத்தத்திலே பட்டாசுத் தொழிற்சாலையும் உண்டு, அச்சுக்கூடமும் உண்டு. 1920-களில் சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழில் வந்தது. பெட்டிமேல் ஒட்டச் சீட்டு வேண்டியிருந்தது. சீட்டுக்காக அச்சு வளர்ந்தது. மருந்தும் மையுமாக வாழும் அவ்வட்டார மக்களுக்கு, மனித உடலுக்குள்ளே பிளாஸ்டிக் குடியேறிய வரலாறு அயலார் கதையன்று. வெடிச்சிதறல் பட்ட கண்ணிலே புரை படர்வதுண்டு என்று அறிந்தவர்கள் அவர்கள். அவ்வரலாறு தொடங்குவதும் கண்ணிலே பாய்ந்த சில்லில்தான். இன்று வந்து நிற்பதோ அச்சிலே!

1940 ஆகஸ்ட் 15. பிரிட்டிஷ் விமானி கார்டன் கிளீவரின் போர்விமானம் குண்டுபட்டது. விமானி அறையை மூடியிருந்த பெர்ஸ்பெக்ஸ் என்னும் பிளாஸ்டிக் சிதறி அவர் விழிகளிலே பாய்ந்தது. ஒரு கண் பறிபோயிற்று. மற்றொன்றிலே சில்லுகள் தங்கின. கண்ணுக்குள் அந்நியப் பொருள் புகுந்தால் கண் சிவக்கும், கொதித்தெழும். அச்சில்லுகளையோ கண் பொறுத்துக்கொண்டது! அத்தகைய விமானிகளைக் கவனித்து வந்த மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி சிந்தித்தார்: புரை விழுந்த வில்லையை எடுத்துவிட்டு, இதே பொருளால் வில்லை செய்து வைத்தாலென்ன? ஐ.சி.ஐ. நிறுவனம் தூய்மை மிகுந்த பெர்ஸ்பெக்ஸைத் தந்தது. ரேனர் நிறுவனம் வில்லையைக் கடைந்தது. 1949 நவம்பர் 29 அன்று, லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையிலே அதனைப் பொருத்தினார்.

பாராட்டினரா? இல்லை. கண்ணிலிருந்து அந்நியப் பொருளை எடுப்பதன்றோ மருத்துவம், வைப்பதா என்று பெரும் புலமையாளர்களே சீறினர். அவரோ காப்புரிமையும் கோரவில்லை. ‘சர்’ பட்டம் வந்தது 2000-ஆம் ஆண்டிலே. மறு ஆண்டு மறைந்தார்.

காப்புரிமை இல்லை, ஆயினும் ஏழைக்கு எட்டிற்றா? வில்லை கடல் கடந்து வந்தது, கடல் கடந்த விலையோடு. நம்மவர்க்குப் புரையை நீக்கி, தடித்த மூக்குக் கண்ணாடி தந்தனுப்புவதே நெடுநாள் வழக்கம். வடமலாபுரத்தில் பிறந்தவர், முடக்குவாதத்தால் விரல்கள் முறுக்கிக்கொண்ட நிலையிலும் கத்தி பிடித்தவர் மருத்துவர் கோ. வெங்கடசாமி. 1976-லே மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். விலையைக் குறைக்கும்படி வெளிநாட்டாரைக் கெஞ்சிக்கொண்டிருப்பதைவிட, வில்லையை இங்கேயே செய்வது மேலன்றோ! 1992-லே மதுரையில் ஆரோலேப் எழுந்தது. நூறு டாலர் அளவிலே விற்ற பொருள் பத்து டாலருக்குள் இறங்கிற்று. பின்னர் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு மதுரை வில்லை போயிற்று.

இனி அச்சு. அட்டைமேல் பூசிய பூச்சைப் புற ஊதா ஒளியால் நொடியிலே இறுகச் செய்வது அச்சகத்தார் அறிந்த வேலை. அமெரிக்கப் பொறியாளர் சக் ஹல், 1983-லே மேசைப் பலகைப் பூச்சை அப்படி இறுக்கும் தொழிலில் இருந்தவர்தாம். ஓர் ஏட்டின்மேல் இன்னோர் ஏடாக இறுக்கினால் உருவமே எழுமே என்றெண்ணினார்; 1986-லே காப்புரிமை பெற்றார். ரிட்லியைப் போல விட்டுவிடவில்லை! 2012-லே மிச்சிகன் மருத்துவர்கள், மூச்சுக்குழல் தளர்ந்து அடைபட்ட பச்சிளங் குழந்தைக்கு, சில ஆண்டுகளில் தானே கரையும் பிளாஸ்டிக்கில் தாங்கி அச்சிட்டுப் பொருத்தினர். 2013-லே அமெரிக்காவில் ஒருவருக்கு மண்டையோட்டின் முக்கால் பங்கு, பிளாஸ்டிக் தூளை லேசரால் உருக்கி அடுக்கடுக்காக அச்சிட்டு வைக்கப்பட்டது. தலையெழுத்தை மாற்ற முடியாதென்பார்கள். இங்கே தலையையே அச்சிட்டார்கள்!

மதுரை வழியிலே இதுவும் மலிவாகுமா? வில்லை, ஒரே அளவிலே பல்லாயிரம் கண்களுக்குப் பொருந்தும், ஆகவே மலிந்தது. மண்டையோடு அப்படியன்று; ஒருவருடையது இன்னொருவர்க்கு உதவாது. ஆனால் முப்பரிமாண அச்சுக்கு வார்ப்பச்சு வேண்டாம். நாட்காட்டி அச்சிலே முதல் படிக்குச் செலவு மலை, ஆயிரமாவது படிக்குக் கடுகு. இவ்வச்சிலோ முதல் படியும் ஆயிரமாவது படியும் ஏறத்தாழ ஒரே செலவு. எனவே விலை அமர்ந்திருக்கும் இடம் வேறு: தூய தூளிலே, எந்திரத்திலே, உடல் ஏற்குமா என்று காணும் சோதனையிலே. பெர்ஸ்பெக்ஸும் அன்று அங்கேதான் அமர்ந்திருந்தது.