'சந்தேகத்துக்குரிய நபர்': ஒரு சொல்லாட்சியின் அமெரிக்க வரலாறு

1968 பிப்ரவரி 16 அன்று அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்னும் சிற்றூரில் ஒரு சிவப்புத் தொலைபேசி ஒலித்தது. அமெரிக்காவின் முதல் 911 அழைப்பு அதுவே. நகர மன்றத்திலிருந்து மாநிலப் பேரவைத் தலைவர் ராங்கின் ஃபைட் பேச, காவல் நிலையத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் டாம் பெவில் அழைப்பை ஏற்றார். பெவிலுடன் அங்கிருந்தவர்களுள் ஒருவர் யூஜீன் 'புல்' கானர். 1963இல் பர்மிங்ஹாம் நகரக் காவல்துறையைத் தம் பொறுப்பில் வைத்திருந்தபோது, சம உரிமை கேட்டு ஊர்வலம் வந்த கறுப்பினச் சிறார்மீது நாய்களை ஏவியவர் அவர். அவருடைய உடனிருப்பைக் கொண்டு அந்தத் தொலைபேசியின் நோக்கத்தை நிறுவ இயலாது. ஆயினும் ஒரு கேள்வியை அது எழுப்புகிறது: காவலரை அழைக்கும் வசதி பொதுவானபோது, யார் யாரைக் குறித்து அழைக்கும் பழக்கம் அந்நாட்டில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது?

அப்பழக்கம் சட்டத்தால் கற்பிக்கப்பட்டது. 1712இல் நடந்த அடிமைகளின் கிளர்ச்சிக்குப் பின், 1713இல் நியூயார்க் நகரம் ஒரு விதியை இயற்றியது. பதினான்கு வயதுக்கு மேற்பட்ட கறுப்பின, பூர்வகுடி அடிமைகள் இருட்டிய பின் ஏற்றிய விளக்கின்றித் தெருவில் நடமாடலாகாது. மீறுவோரைக் குடிமக்களுள் எவரும் பிடித்து அதிகாரிகளிடம் ஒப்படைக்கலாம். தென் கரோலினாவில் 1704 முதலே அடிமைகளைக் கண்காணிக்கும் ரோந்துப் படைகள் இருந்தன. அங்கு 1740இல் வந்த சட்டம், அனுமதிச் சீட்டின்றித் தோட்டத்துக்கு வெளியே காணப்படும் அடிமையை மடக்கித் தண்டிக்கும் அதிகாரத்தை வெள்ளையர் ஒவ்வொருவருக்கும் வழங்கியது.

1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டம் இந்த அதிகாரத்தை நாடு முழுமைக்குமான கடமையாக்கியது. தப்பியோடியவரைப் பிடிப்பதற்கு உதவுமாறு 'நல்ல குடிமக்கள்' அனைவருக்கும் அது ஆணையிட்டது. பிடிபட்டவரின் சாட்சியம் ஏற்கப்படவில்லை. அவர் அடிமையே என்று முடிவு செய்த ஆணையருக்கு 10 டாலர் ஊதியம். அல்லர் என்று விடுவித்தவருக்கு 5 டாலர். அடிமை முறை ஒழிந்த 1865லேயே மிசிசிப்பி ஒரு நாடோடித் தடைச் சட்டத்தை இயற்றி, வேலைக்கான சான்று காட்ட இயலாத கறுப்பினத்தவரைக் குற்றவாளிகளாக்கியது. ஒருவர் ஓரிடத்தில் நிற்பதே விளக்கம் கேட்கத் தக்க செயலாயிற்று.

ஹேலிவில்லில் தொலைபேசி ஒலித்து நான்கு மாதம் நிறைவதற்குள், 1968 ஜூன் 10 அன்று, 'டெரி எதிர் ஒஹாயோ' வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1963இல் கிளீவ்லாந்து நகரில் ஒரு கடைக்கு முன் மீண்டும் மீண்டும் நடந்த இருவரைக் காவலர் ஒருவர் நிறுத்திச் சோதித்தார், துப்பாக்கிகள் கிடைத்தன. கைது செய்யப் போதிய ஆதாரம் இல்லாவிடினும், 'நியாயமான சந்தேகம்' இருப்பின் நிறுத்திச் சோதிக்கலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். நிறுத்தப்பட்ட இருவரும் கறுப்பினத்தவர் என்பதை நீதிமன்றத்தின் விவரிப்பு கூறவில்லை. அந்த அளவுகோல் பின்னாளில் எவ்வளவு விரிந்தது என்பதற்கு நியூயார்க் சான்று. அங்கு 2011ஆம் ஆண்டில் மட்டும் 6,85,000க்கும் மேற்பட்ட முறை மக்கள் நிறுத்தப்பட்டனர். நிறுத்தப்பட்டோருள் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர்மீது எந்த நடவடிக்கையும் இல்லை. 2013இல் அந்நடைமுறை அரசியலமைப்புக்கு முரணானது என்று கூட்டாட்சி நீதிமன்றம் கூறியது.

'சந்தேகத்துக்குரிய நபர்' என்னும் தொடரின் இலக்கணத்தை இங்கு நோக்க வேண்டும். சந்தேகித்தல் ஒரு வினை. அதற்கு எழுவாய் உண்டு. 'நான் சந்தேகிக்கிறேன்' என்பவர் தம்மை வெளிப்படுத்துகிறார். பெயரடையாக மாறியதும் எழுவாய் மறைந்து, ஐயம் பார்ப்பவரிடமிருந்து நீங்கிப் பார்க்கப்படுபவரின் இயல்பாகிவிடுகிறது.

அழைப்பவரின் சொற்கள் கைமாறும்போது நிகழ்வதும் இதுவே. 2009 ஜூலையில் ஹார்வர்டு பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் தம் சொந்த வீட்டின் சிக்கிக்கொண்ட கதவைத் தள்ளித் திறக்க முயன்றார். காவல்துறைக்குத் தகவல் தந்தவர், உள்ளே செல்வோர் அவ்வீட்டினராகவே இருக்கலாம் என்றும், பயணப் பெட்டிகள் தெரிவதாகவும் கூறினார். இனம் வினவப்பட்ட பின்னரே, அதுவும் உறுதியின்றி, விடை தந்தார். அதிகாரியின் அறிக்கையிலோ அவர் 'முதுகுப் பை அணிந்த இரு கறுப்பின ஆண்கள்' என்று கூறியதாக எழுதப்பட்டது. தாம் அவ்வாறு கூறவில்லை என்று அவர் மறுத்தார். கேட்ஸ் தம் வீட்டு வாசலில் கைவிலங்கிடப்பட்டார்.

2014 நவம்பரில், அதே கிளீவ்லாந்தில், பூங்காவில் துப்பாக்கியுடன் ஒருவர் இருப்பதாக அழைத்தவர், அது பொம்மையாக இருக்கலாம் என்றும், அவர் சிறுவராக இருக்கலாம் என்றும் கூறினார். அழைப்பை ஏற்றவர் அவ்விரு குறிப்புகளையும் பதியவில்லை. காவல் வாகனம் வந்து இரண்டு நொடிக்குள் பன்னிரண்டு வயது தமிர் ரைஸ் சுடப்பட்டான். 'இருக்கலாம்' என்னும் சொல் வழியில் உதிர்ந்தது. 'துப்பாக்கி' என்பது மட்டுமே போய்ச் சேர்ந்தது.

2018 ஏப்ரலில் பிலடெல்பியாவின் ஸ்டார்பக்ஸ் கடையில் நண்பருக்காகக் காத்திருந்த இரு இளைஞர்கள் கைதாயினர். அடுத்த மாதம் யேல் பல்கலைக்கழக விடுதியின் பொது அறையில் உறங்கிய முதுகலை மாணவி விசாரிக்கப்பட்டார். இவ்வழைப்புகள் பெரும் விவாதத்தை எழுப்பின. 2019இல் ஓரிகன் மாநிலமும், 2020இல் நியூயார்க் மாநிலமும் சான் பிரான்சிஸ்கோ நகரமும், இனப் பகைமையால் காவலரை அழைப்போர்மீது நட்டஈடு கோரி வழக்குத் தொடர வழிசெய்தன.

இச்சட்டங்கள் தேவையானவை. எனினும் அவை அழைப்பவரின் தீய நோக்கத்தையே குறிவைக்கின்றன. கேட்ஸைக் குறித்து அழைத்தவரிடம் அந்நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. தமிர் ரைஸைக் குறித்து அழைத்தவர் தம் ஐயத்தை இருமுறை வெளிப்படுத்தினார். இவர்கள் இருவரையும் அச்சட்டங்கள் தொடா; தொடுவதும் முறையாகாது. மாற வேண்டியது அழைப்பை ஏற்கும் மேசையில் இருக்கிறது. 'அவர் பார்வைக்கு எப்படி இருக்கிறார்?' என்பதற்கு முன் 'அவர் என்ன செய்கிறார்?' என்று அங்கு கேட்கப்பட வேண்டும். அழைத்தவர் சொன்ன 'தெரியவில்லை', 'இருக்கலாம்' ஆகியவையும் விடுபடாமல் காவலரைச் சென்றடைய வேண்டும்.