வரைபடம் தானே பேசுமா?

பள்ளிக் கணக்கில் வரைபடத்துக்கு எளிய பகுதி என்ற பெயர் உண்டு. எண்களின் அட்டவணையைக் கண்டு மலைக்கும் மாணவருக்கும் படம் பார்த்த உடனே புரிந்துவிடும் என்று நம்புகிறோம். இந்த முறையை உருவாக்கிய வில்லியம் பிளேஃபேருக்கே அந்த நம்பிக்கை இருக்கவில்லை. ஸ்காட்லாந்தில் பிறந்த அவர், பிரிட்டனின் ஏற்றுமதி இறக்குமதிகளைக் கோடுகளாகத் தீட்டிய நூலை 1786இல் லண்டனில் வெளியிட்டார். அதிலிருந்த 44 படங்களில் 43 காலவரிசைக் கோடுகள். ஸ்காட்லாந்துக்கு ஓராண்டுக் கணக்கு மட்டுமே கையில் இருந்ததால் அதைப் பட்டைகளாக வரைந்தார். இன்று சிறு வகுப்பிலேயே சொல்லித்தரும் பட்டை விளக்கப்படம் தரவுப் பற்றாக்குறையின் பிள்ளை. அன்றைய வாசகர்களுக்கோ அடிப்படையிலேயே ஐயம். நீளம் நிலத்தை அளக்கலாம், பணத்தை எப்படி அளக்கும்? ஒரு வணிகர் அன்றாடம் வாங்கும் பொற்காசுகளை நாளுக்கு ஓர் அடுக்காக வைத்துக்கொண்டே போனால், அடுக்கின் உயரம் அந்த நாளின் வரவைக் காட்டுமல்லவா என்று பிளேஃபேர் பொறுமையாக விளக்க வேண்டியிருந்தது. படித்த வணிகர்களுக்கே தேவைப்பட்ட அந்தப் பாடம் பத்து வயதுப் பிள்ளைக்குத் தேவையில்லை என்று நாம் எப்படி முடிவு செய்தோம்?

கண் இயல்பாகவே உயர்வு தாழ்வை உணர்கிறதே, இதில் கற்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒற்றைக் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பது வரை அது சரி. பிளேஃபேரின் கிழக்கிந்திய வணிகப் படத்தில் இறக்குமதிக்கு ஒரு கோடு, ஏற்றுமதிக்கு ஒரு கோடு; இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் அந்தப் படத்தின் பொருளே. 1984இல் கிளீவ்லாந்து, மெக்கில் என்ற இரு அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் அந்த வித்தியாசத்தைத் தனியாகக் கணக்கிட்டு வரைந்தார்கள். 1760ஐ ஒட்டி அது சட்டென்று உயர்ந்து சரிந்திருந்தது. மூலப் படத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அந்த ஏற்றம் கண்ணில் படாது. காரணம், இரு வளைகோடுகளுக்கு இடையே கண் தேடுவது மிகக் குறுகிய தூரத்தை. கணக்குக்கு வேண்டியதோ செங்குத்துத் தூரம். கோடுகள் வேகமாக ஏறும் இடத்தில் இந்த இரு தூரங்களும் வெகுவாக வேறுபடும். ஒரே அளவுகோலில் இடங்களை ஒப்பிடுவதைவிடக் கோணங்களை ஒப்பிடுவதில் கண் அதிகம் பிழை செய்கிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. வட்ட விளக்கப்படம் பிளேஃபேர் 1801இல் தந்த மற்றொரு கொடை என்பதை இங்கே நினைக்க வேண்டும். ஜேம்ஸ் வாட் முதல் நூலின்போதே அவரை எச்சரித்திருந்தார்: அட்டவணைகளையும் சேர்த்து அச்சிடாவிட்டால் படங்கள் ஆசிரியரின் வாய்ச்சொல்லை மட்டுமே நம்பி நிற்கும். பொறியாளர் அல்லவா, படத்தையும் சரிபார்க்க வழி கேட்டார்.

பள்ளிக்குள் வரைபடம் வந்தது இதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு. 1901இல் கிளாஸ்கோவில் ஜான் பெர்ரி என்ற பொறியாளர், யூக்ளிடை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு மாணவர் கையில் கட்டம் போட்ட தாளைக் கொடுங்கள் என்று வாதாடினார். அவர் கேட்டது, தாமே அளந்தெடுத்த சோதனை முடிவுகளைக் குறித்து, அவற்றுக்குள் ஒரு விதி தென்படுகிறதா என்று தேடுவது. பாடத்திட்டங்கள் தாளை ஏற்றுக்கொண்டன. நாளடைவில் அளவீட்டின் இடத்தில் சமன்பாடு உட்கார்ந்துவிட்டது. நம் பத்தாம் வகுப்பில் மாணவர் அட்டவணை போட்டு, அளவுத்திட்டம் எழுதி, பரவளையம் வரைந்து மூலங்களைக் குறிக்கிறார். தன் கையால் வரைந்தவருக்குப் படிக்கவும் வந்துவிடும் என்பது ஆசிரியர்கள் சொல்லும் நியாயம், அதில் பாதி உண்மை. அளவுத்திட்டத்தைத் தானே தேர்ந்தவர், அது மாறினால் கோட்டின் சாய்வும் மாறும் என்பதை அறிவார். நேர்மாறல், எதிர்மாறல் வரைபடங்களில் மதிப்பைப் படித்துச் சொல்லும் வினாவும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே விடை சமன்பாட்டிலேயே இருக்கிறது. வரைபடத்தால் ஏமாற்றவே முடியாது. இதற்குப் பதிலாக, பிளேஃபேரின் கிழக்கிந்தியப் படத்தை அப்படியே அச்சிட்டு, இரு கோடுகளும் மிக விலகியிருந்த ஆண்டு எது என்று கேட்டுப் பார்க்கலாம். முதலில் கண்ணால் ஒரு விடை, பிறகு அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்து இன்னொரு விடை. இரண்டும் ஏன் வேறாக வந்தன என்று எழுதுவதற்கே மதிப்பெண்.