சமையலறை வாசலில் தொடங்கும் சமூகவியல்



எங்கள் தெருவில் மாலை நேரப் படிப்பகம் ஒன்று நடத்துகிறோம். அங்கே வரும் தங்கை ஒருத்தி பிளஸ் ஒன்னில் சமூகவியல் படிக்கிறாள். தேர்வுக்கு முந்தைய வாரம் அவள் கேட்டாள்: "அண்ணா, குடும்பம்னு ஒரு பாடம் இருக்கு. கல்வின்னு ஒரு பாடம் இருக்கு. ஆய்வு முறைகள்னு ஒரு பாடம் இருக்கு. சாதி மட்டும் தனியா வேற பாடம். நம்ம வாழ்க்கையில இதெல்லாம் தனித்தனியாவா இருக்கு?"

எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. யோசித்துப் பார்த்தால், அவள் கேள்விக்கான பதில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. எழுதியவரும் அப்போது 25 வயது மாணவர்தான்.

குடும்பம்: 1916இல் போடப்பட்ட கணக்கு

பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகையில் 1913ஆம் ஆண்டு நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார் அண்ணல் அம்பேத்கர். 1916 மே 9 அன்று மானிடவியல் அறிஞர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் ஒரு கட்டுரை வாசித்தார். இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின, எப்படி இயங்குகின்றன, எப்படி வளர்ந்தன என்பது அதன் பொருள். அடுத்த ஆண்டு 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் அது அச்சானது.

அன்று சாதி பற்றி எழுதிக்கொண்டிருந்தவர்கள் யார்? செனார்ட் என்ற பிரெஞ்சு அறிஞர், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி போன்ற ஆங்கிலேய அதிகாரிகள், கேட்கர் என்ற இந்திய ஆய்வாளர். தொழில் பிரிவினைதான் சாதி ஆனது என்றார் நெஸ்ஃபீல்ட். இனக் கலப்பும் இன வேறுபாடும்தான் காரணம் என்று சொல்லி மக்களின் மூக்கை அளந்தார் ரிஸ்லி. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்தவரும் அவர்தான்.

இவர்கள் எல்லோரையும் படித்துவிட்டு அம்பேத்கர் வேறு இடத்தில் கை வைத்தார். தீட்டு, தொழில், சேர்ந்து உண்ணாமை எல்லாம் சாதியின் விளைவுகள். சாதியைச் சாதியாக வைத்திருப்பது அகமணம் ஒன்றுதான், அதாவது சொந்தச் சாதிக்குள்ளேயே மணம் முடிப்பது. இதை அவர் ஒரு கணக்காகவே போட்டுக் காட்டினார்.

ஒரு கூட்டம் தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. அப்படியானால் உள்ளே மணவயது ஆண்களும் பெண்களும் ஏறத்தாழ சம எண்ணிக்கையில் இருந்தாக வேண்டும். ஆனால் மரணம் கணக்குப் பார்த்து வருவதில்லை. கணவன் இறந்தால் ஒரு பெண் உபரியாகிறாள். அவள் அதே சாதியில் இன்னொருவனை மணந்தால் வேறொரு பெண்ணுக்கு மாப்பிள்ளை இல்லாமல் போகும். சாதிக்கு வெளியே மணந்தால் சுவர் உடையும். ஆகவே அவளை எரித்தார்கள், அல்லது கைம்மையில் பூட்டினார்கள். மனைவி இறந்தால் ஆண் உபரியாகிறான். அவனை எரிக்க மாட்டார்கள். துறவியாகச் சொல்லலாம். ஆனால் ஆண் குடும்பத்துக்குத் தேவைப்படுகிறவன். எனவே இன்னும் மணவயதை எட்டாத சிறுமியை அவனுக்குக் கட்டிவைத்தார்கள்.

உடன்கட்டை, கைம்மைக் கொடுமை, குழந்தைத் திருமணம். சீர்திருத்தவாதிகள் இவற்றை மூன்று தனித்தனிக் கேடுகளாகப் பார்த்து வந்தார்கள். மூன்றும் ஒரே பூட்டின் சாவிகள் என்று காட்டினார் அந்த மாணவர். சாதி எங்கோ கோயிலிலும் சாத்திரத்திலும் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. பெண்ணின் உடலைக் காவல் காக்கும் குடும்பத்துக்குள்தான் அது ஒவ்வொரு தலைமுறையிலும் மறுபடி பிறக்கிறது. இருபது ஆண்டுகள் கழித்து, 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் கலப்பு மணத்தை உண்மையான மருந்து என்று அவர் சொன்னதற்கும், அந்த மணத்தைத் தடுக்கும் சாத்திரங்களின் புனிதத்தைத் தகர்க்கச் சொன்னதற்கும் வேர் இந்தக் கணக்கில் இருக்கிறது.

நூறு ஆண்டுகளில் என்ன மாறியது? 2011-12இல் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில், தங்கள் திருமணம் சாதி கடந்தது என்று சொன்ன பெண்கள் சுமார் 5 சதவீதம் பேர்தான். 2016 மார்ச் 13 அன்று, உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, ஒரு தலித் பொறியியல் மாணவர் சாதி கடந்து மணம் செய்த குற்றத்துக்காகப் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். கொலம்பியா கட்டுரைக்கு நூறு ஆண்டு நிறைய இரண்டு மாதம்கூட இல்லை. அந்தத் தோழரின் பெயர் நம் எல்லோருக்கும் தெரியும். குடும்பம் அன்பின் நிலையம் என்று தேர்வில் எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். ஆனால் சுவரைத் தாண்டியவர்களை அந்தக் குடும்பம் என்ன செய்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் விடை முழுமையாகும்.

ஆய்வு முறை: எந்தத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்கள்?

களப்பணி என்றால் ஊரில் தங்கி, மக்களோடு பழகி, பார்த்ததைக் குறித்துக்கொள்வது என்று பாடத்தில் படிக்கிறோம். நல்ல முறைதான். ஆனால் இந்திய கிராமத்தில் தங்குவது என்றால் எந்தத் தெருவில் தங்குவது?

எம்.என். சீனிவாஸ் 1948இல் மைசூர்ப் பகுதியில் ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தார். ராம்புரா என்று பெயர் மாற்றி அதைப் பற்றி எழுதினார். 1970இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் அவர் வேலை செய்த இடத்தில் யாரோ தீ வைத்ததில் தொகுத்து வைத்திருந்த குறிப்புகள் எரிந்துபோயின. நினைவிலிருந்து மீட்டு அவர் எழுதிய புத்தகம் 1976இல் வந்தது. இந்தியச் சமூகவியலில் புகழ்பெற்ற நூல் அது. அதிலேயே ஒன்றை அவர் ஒப்புக்கொள்கிறார். ஊர்த் தலைவர் கொடுத்த இடத்தில் தங்கியதால், தான் கண்டது பெரும்பாலும் மேல்சாதியினர் கண்ட கிராமம் என்கிறார்.

நம் தஞ்சை மண்ணிலும் இதே கதைதான். 1961-62இல் ஆந்த்ரே பெத்தேய் ஒரு கிராமத்தில் ஆய்வு செய்தார். ஸ்ரீபுரம் என்று அவர் பெயரிட்ட அந்த ஊரில் அக்கிரகாரத்தில் தங்கினார். அங்கே தங்கியவர் சேரிக்குள் விருப்பம்போல் போய்வர முடியாது என்ற தடையை அவரே எழுதியிருக்கிறார்.

இவர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. தங்கள் பார்வையின் எல்லையை அவர்களே ஒளிக்காமல் எழுதினார்கள், அது நேர்மை. நாம் கவனிக்க வேண்டியது வேறு. ஆய்வாளருக்கும் ஊர் ஓர் இடத்தை ஒதுக்குகிறது. அந்த இடத்திலிருந்து பார்த்தால் சேரி தூரத்தில் தெரியும் கூரைகள் மட்டுமே. சேரியிலிருந்து பார்த்தால் முழு ஊரும் தெரியும். யார் வயலில் யார் வேலை செய்கிறார்கள், எந்தக் கடையில் தனிக் குவளை, எந்தப் பாதையில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பது நம் பாட்டிமார்களுக்கு மனப்பாடம். பிழைப்பதற்காக அவர்கள் கற்றுக்கொண்ட சமூகவியல் அது.

கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். மேலே சொன்ன 2011-12 ஆய்வு நாடு முழுவதும் 42,000க்கும் மேற்பட்ட குடும்பங்களில் நடந்தது. அதில் தீண்டாமை பற்றி இரண்டு படிகளில் கேட்டார்கள். உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை கடைப்பிடிக்கிறார்களா என்பது முதல் கேள்வி. இல்லை என்றவர்களிடம் அடுத்த கேள்வி: பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தால், உங்கள் பாத்திரங்களைப் பயன்படுத்தினால் பரவாயில்லையா? இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது சுமார் 27 சதவீதக் குடும்பங்கள் தீண்டாமை இருப்பதை ஏதோ ஒரு வகையில் ஒப்புக்கொண்டன. நான்கில் ஒரு வீட்டுக்கும் மேல். சட்டத்துக்குப் பயந்து வாசலில் "இல்லை" என்று சொன்னவர்களில் சிலர் சமையலறைப் பக்கம் கேள்வி திரும்பியதும் உண்மையைச் சொல்லிவிட்டார்கள். வினாநிரல் தயாரிப்பது பற்றி இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

கல்வி: ஒரே வகுப்பறை, தனிச் சாக்கு

அம்பேத்கரின் முதல் ஆய்வுக் களம் அவர் படித்த பள்ளிக்கூடம்தான். வகுப்பில் ஒரு மூலையில், வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கில் தனியாக உட்கார வேண்டும். பள்ளியின் பியூன் ஊற்றினால்தான் தண்ணீர். அவர் வராத நாளில் தாகம்தான். பிற்காலத்தில் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் இதை எழுதினார்.

அவருக்கும் முன்னால் ஒரு சிறுமி இருக்கிறாள். 1848இல் புனேயில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார்கள். பிறகு தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கும் பள்ளி திறந்தார்கள். அவர்களிடம் படித்த மாங் சாதிச் சிறுமி முக்தா, மாங், மகர் மக்களின் துயரம் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். 1855இல் 'ஞானோதயா' இதழில் அது வெளிவந்தது. வேதம் எங்களுக்கு இல்லையென்றால் எங்கள் மதம் எது என்று கேட்டாள். எங்கள் பெண்கள் கூரையில்லாத இடத்தில் பிள்ளை பெறுவதை எழுதினாள். தன் தெருவைத் தானே ஆய்ந்து எழுதியவள் அவள். நம் சமூகவியலின் வரலாற்றை நாம் எழுதும்போது முதல் பக்கத்தில் அவள் பெயர் இருக்க வேண்டும்.

1882இல் ஹண்டர் கல்விக் குழுவின் முன் புலே சாட்சியம் அளித்தார். உழவர்களின் வரிப்பணம் மேல்சாதியினரின் உயர்கல்விக்குப் போகிறது, உழைப்பவர் பிள்ளைக்குத் தொடக்கப் பள்ளிகூட இல்லை என்றார். கட்டாயத் தொடக்கக் கல்வி கேட்டார்.

இன்று பள்ளிக்கூடம் இருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது? 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடந்த ஆய்வு 2006இல் நூலாக வந்தது. ஆய்வு செய்த கிராமங்களில் ஏறத்தாழ 38 சதவீத இடங்களில், அரசுப் பள்ளிகளில் தலித் குழந்தைகள் சாப்பிடும்போது தனியாக உட்கார வைக்கப்பட்டார்கள்.

இன்னொரு ஆய்வு. உத்தரப்பிரதேசத்தில் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் காகிதத்தில் வரைந்த புதிர்வழிகளைக் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள். சாதி சொல்லப்படாதபோது மேல்சாதி மாணவர்களும் தலித் மாணவர்களும் ஒரே அளவில் செய்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் பெயரோடு சாதியையும் வாசித்துவிட்டுப் புதிரைக் கொடுத்தபோது தலித் மாணவர்களின் மதிப்பெண் சரிந்தது. அதே பிள்ளைகள், அதே புதிர். "உதவித்தொகை வாங்குற எஸ்சி பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று வகுப்பில் சொல்லப்படும்போது நம்மில் எத்தனை பேர் எழுந்து நின்றிருக்கிறோம்? அந்த ஒரு நிமிடம் என்ன செய்யும் என்பதற்கு இந்த ஆய்வு சான்று. தகுதி, திறமை என்று பேசுகிறவர்களிடம் இதை எடுத்துக் காட்டுங்கள்.

நாம் செய்ய வேண்டிய வீட்டுப்பாடம்

குடும்பம் சாதியைப் பெற்றெடுக்கிறது. பள்ளி அதற்கு மதிப்பெண் போடுகிறது. ஆய்வு எந்தத் திண்ணையில் உட்காருகிறதோ அதற்கேற்ப இதைக் காட்டவோ மறைக்கவோ செய்கிறது. தங்கையே, உன் கேள்விக்கு எங்கள் பதில் இதுதான். மூன்று பாடத்தையும் சேர்த்துப் படி.

படிப்பதோடு நிறுத்தவும் வேண்டாம். உங்கள் ஊரின் வரைபடத்தை வரையுங்கள். குடிநீர்க் குழாய், ரேஷன் கடை, சுடுகாடு, பள்ளி ஒவ்வொன்றும் எந்தத் தெருவில், சேரியிலிருந்து எத்தனை அடி தூரத்தில் என்று நடந்து அளந்து எழுதுங்கள். பெரியவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஆண்களிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். அம்மாக்களிடம் கேட்டால் கதை மாறும். தனியாகப் போகாதீர்கள். சொன்னவர்களின் பெயரை வெளியிடாதீர்கள், நாளைக்கு அவர்கள் அதே ஊரில்தான் வாழ வேண்டும். எழுதி முடித்ததை முதலில் அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள்.

சமையலறைக் கேள்வியை நம் வீட்டிலும் கேட்க வேண்டும். பறையர், பள்ளர், அருந்ததியர் என்று நமக்குள்ளும் சுவர்கள் இருக்கின்றன. நம் வீட்டுக் கல்யாணப் பேச்சிலும் உட்சாதி விசாரிக்கப்படுகிறது. மலம் அள்ள வைக்கப்பட்ட சாதியிலிருந்து மருமகள் வந்தால் நம் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று நமக்குத் தெரியும். 1916ஆம் ஆண்டுக் கணக்கு நமக்கும் பொருந்தும். மேலே இருப்பவனிடம் கேட்கும் கேள்வியை நம்மிடமும் கேட்டுக்கொள்ளும் துணிவைத்தான் அண்ணல் நமக்கு விட்டுச்சென்றார்.

அந்தத் தங்கை இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். முதல் பக்கத்தில் ஊரின் வரைபடம், பென்சிலில். அடுத்த பக்கத்தில் அவள் கேட்கப்போகும் கேள்விகள். பட்டியலில் முதலாவதாக அவள் எழுதியிருப்பது தன் அப்பாவிடம் கேட்க வேண்டிய கேள்வி.

ஜெய் பீம்.