கராச்சியில் எழுந்த வங்கக் குரல்

தோற்றுப்போன ஒரு பிரேரணையின் வரலாற்றை நாம் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

1948-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் தேதி, கராச்சியில் கூடிய பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபையில், கிழக்கு வங்காள அங்கத்தினர் திரு. தீரேந்திரநாத் தத்தா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். உருது, ஆங்கிலம் இவற்றோடு வங்காள மொழிக்கும் சபையில் இடமளிக்க வேண்டுமென்பதே அது. நாட்டு மக்கள் 6 கோடியே 90 லட்சம் பேரில் 4 கோடியே 40 லட்சம் பேர் வங்காளம் பேசுவோர் என்று அவர் கணக்குக் காட்டினார். டாக்காவில் படிக்கும் மகனுக்குப் பணம் அனுப்பப் புகும் ஏழைக் குடியானவன், உருதுவில் அச்சிட்ட மணியார்டர் தாளை வைத்துக்கொண்டு என் செய்வான் என்றும் வினவினார்.

பிரதம மந்திரி லியாகத் அலிகான் உருதுவே பொதுமொழியென மறுத்தார், பிரேரணை வீழ்ந்தது. ஆயின் டாக்கா மாணவர் கிளர்ந்தெழுந்தனர். 1952 பிப்ரவரி 21-இல் சிலர் துப்பாக்கிக்கு இரையாயினர். 1956-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் வங்காளத்தையும் அரசாங்க மொழியாக ஏற்றது.

1971 மார்ச் 29 அன்று, 84 வயதுக் கிழவரான தத்தாவையும் அவர் மகனையும் கொமில்லா இல்லத்தினின்று இராணுவத்தார் பிடித்துச் சென்றனர். இருவரும் மீளவில்லை. அவ்வாண்டிலேயே நாடு பிளவுண்டது. அன்றைய மறுப்பும் அதற்கொரு காரணம்.

அவர் கேட்டது உருதுவின் ஆசனத்தையன்று, அதன் அருகே ஓர் ஆசனத்தையே. தம் மொழியைப் போற்றுவோர் பிறர் மொழிக்கும் இடங்கொடுத்தல் கடனென்பதை நாம் மறவாதிருப்போமாக!