மார்வாரி குதிரை: பொலிகுதிரைத் தேர்வில் கவனிக்க வேண்டியவை

ராஜஸ்தானின் மார்வாரி இனக் குதிரைகளுக்கு, நுனிகள் ஒன்றையொன்று தொடும்படி உள்நோக்கி வளைந்த காதுகளே அடையாளம். புஷ்கர் சந்தையில் பலரது கண்ணும் முதலில் அங்கேதான் செல்லும். ஆனால், பொலிகுதிரையைத் தேடும் முன் ஆராய வேண்டியவை பெண் குதிரையின் குறைகளே. அதன் கால்களின் அமைப்பில் கோணல் இருந்தால், நேரான, உறுதியான கால்களைக் கொண்ட பொலிகுதிரையே பொருத்தமானது. இரண்டுக்கும் ஒரே குறை இருப்பின், குட்டிக்கும் அது வர வாய்ப்பு அதிகம். சினைக்காலம் சுமார் 11 மாதங்கள் என்பதால், தவறான தேர்வால் ஏறத்தாழ ஓராண்டு வீணாகும்.

தூய இனம் என்ற பெயரில் நெருங்கிய ரத்த உறவுக்குள் இணைசேர்ப்பது ஆபத்தானது. வம்சாவளிப் பதிவைச் சரிபார்ப்பது அவசியம். மனிதருக்கும் பரவும் கிளாண்டர்ஸ் நோய்க்குத் தடுப்பூசி இல்லை. நோய் உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்ய நேரிடும். ஹரியானாவின் ஹிசாரிலுள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையத்தில் இதற்கான ரத்தப் பரிசோதனை செய்யப்படுகிறது.