குடும்பத்தைத் தாங்கும் பணியும் அதன் பயனை அளத்தலும்: ஒரு வரலாற்று நோக்கு

குழந்தைகள் தம் இல்லத்திலேயே துன்புறுவதைத் தடுக்கக் குடும்பங்களுக்கு உதவும் பணிகள் பல நடைபெறுகின்றன. இவை உண்மையிலேயே குழந்தைகளைக் காக்கின்றனவா என்பதை எவ்வாறு அறிவது? இக்கேள்விக்கு விடை தேடிய வரலாற்றை, அமெரிக்க நாட்டை முதன்மையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. மீட்பிலிருந்து தடுப்புக்கு

1874இல் நியூயார்க் நகரில் மேரி எலன் என்னும் சிறுமி தன்னை வளர்த்தவளால் கொடுமைப்படுத்தப்பட்டாள். மெதடிஸ்டு மிஷன் ஊழியரான எட்டா வீலர் அம்மையார், விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவிய ஹென்றி பெர்க்கின் துணையை நாடி அச்சிறுமியை மீட்டார். இதன் விளைவாகக் குழந்தைகளுக்கெனத் தனிச் சங்கம் தோன்றிற்று. எனினும், நேர்ந்துவிட்ட கொடுமையினின்று மீட்பதே அக்காலப் பணியாயிருந்தது.

1962இல் மருத்துவர் ஹென்றி கெம்பியும் அவருடைய உடன் உழைப்பாளரும் அடிபட்ட குழந்தைகளைக் குறித்து வெளியிட்ட கட்டுரை நாட்டின் மனச்சான்றை உலுக்கிற்று. சில ஆண்டுகளுக்குள் மாநிலங்கள் அறிவிப்புச் சட்டங்களை இயற்றின. பெற்றோரைப் பிரிந்து வாழ்ந்த குழந்தைகள் பலராயினர். பிரித்தலே மருந்தாகுமோ என்னும் ஐயமும் எழுந்தது. பிரிக்குமுன் குடும்பத்தைக் காக்க நியாயமான முயற்சி செய்யவேண்டுமென 1980ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது.

2. ஒப்பீடற்ற வெற்றி

1974இல் வாஷிங்டன் மாநிலத்து டக்கோமாவில் ‘ஹோம்பில்டர்ஸ்’ என்னும் பணி தொடங்கியது. நெருக்கடியிலுள்ள குடும்பத்தின் இல்லத்திற்கே ஊழியர் சென்று, சில வாரங்கள் இரவு பகல் பாராது உதவினார். உதவி பெற்ற குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் வீட்டிலேயே தங்கினர் என்னும் செய்தி பெரும் நம்பிக்கையளித்தது. பிற மாநிலங்களும் இம்முறையைப் பின்பற்றின.

ஆனால் இலினாய் மாநிலத்தில், குலுக்கல் முறையில் குடும்பங்களை இரு குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்தபோது, உதவி பெற்றோருக்கும் வழக்கமான சேவை பெற்றோருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. அவ்வாய்வு 1990களின் முற்பகுதியில் வெளிவந்தது. சிறப்புதவி பெறாத குழந்தைகளுள்ளும் பெரும்பாலோர் பிரிக்கப்படவில்லை! ஆகவே, எவருக்கு உண்மையில் ஆபத்து நெருங்கியிருந்தது என்பதைப் பணியாளர் சரிவர இனங்காண இயலவில்லை என்பது புலனாயிற்று. மேலும், குழந்தை வீட்டில் தங்கியது என்பதே அது பாதுகாப்பாயிருந்தது என்பதற்குச் சான்றாகாது.

3. எல்மைராவின் பாடம்

நியூயார்க் மாநிலத்து எல்மைராவில் 1970களின் இறுதியில் டேவிட் ஓல்ட்ஸ் என்பார் 400 தாய்மாரைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கினார். முதற்பேற்றை எதிர்நோக்கியிருந்த இத்தாய்மாருள் ஒரு பகுதியினரைச் செவிலியர், கருவுற்ற காலமுதல் குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை, இல்லந்தோறும் சென்று சந்தித்தனர். 15 ஆண்டுகளுக்குப் பின், 1997இல் வெளிவந்த முடிவின்படி, உறுதிசெய்யப்பட்ட கொடுமை, புறக்கணிப்பு அறிவிப்புகள் ஒரு தாய்க்குச் சராசரியாக இச்சந்திப்பைப் பெறாதோரிடையே 0.54 ஆகவும், பெற்றோரிடையே 0.29 ஆகவும் இருந்தன. ஆயினும், பெரியோரிடையே வன்முறை மிகுந்திருந்த இல்லங்களில் இப்பயன் காணப்படவில்லை என 2000இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இங்கிலாந்தில் இப்பணியை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவோ, அங்கு ஏற்கெனவே கிடைத்த பொதுச் சேவைகளைவிடக் கூடுதல் பயனை முதன்மை அளவைகளில் காணவில்லை.

4. முடிவுரை

இவ்வரலாறு நமக்கு மூன்று உண்மைகளை உணர்த்துகிறது. முதலாவது, உதவி பெறாதோரின் நிலையை அறியாமல் உதவியின் பயனைக் கூற இயலாது. இரண்டாவது, வீட்டிற்குள் அடிக்கடி செல்வோர் கண்ணில் தவறுகள் மிகுதியாகப் படுமாதலால், அறிவிப்புகளின் எண்ணிக்கையை அப்படியே தீமையின் அளவாகக் கொள்ளலாகாது. மூன்றாவது, ஓரிடத்தில் பலித்தது வேறிடத்திலும் பலிக்குமென்பது உறுதியன்று.

ஆயர்களும் இறையியல் மாணவர்களும் நடத்தும் குடும்ப ஊழியங்களைப் பற்றிய அறிக்கைகளில் நன்மை பெற்றோரின் சாட்சிகள் இடம்பெறுவது இயல்பே. இடையில் விலகிச் சென்ற குடும்பங்களையும், ஊழியர் ஒருபோதும் சென்றிராத இல்லங்களையும் பற்றி அவ்வறிக்கைகள் என்ன கூறுகின்றன என்றும் நாம் கேட்டல் வேண்டும். நல்லெண்ணத்தைச் சோதித்தல் அன்புக்கு முரணானதன்று. பயனற்ற உதவியை நம்பிக் காத்திருக்கும் குழந்தையே அதன் விலையைச் செலுத்துகிறது.