ஆரூரை ஆளும் அரசர்

திருவாரூர்த் திருக்கோயிலின் கீழைக் கோபுரத்தைக் கடந்து, பிராகாரங்களைத் தாண்டிக் கருவறையை நாடிச் செல்லும் யாத்திரிகர், அங்கே ஒன்றுக்கு இரண்டாகச் சந்நிதிகள் அடுத்தடுத்து அமைந்திருக்கக் கண்டு சற்றுத் திகைப்பது இயல்பு. ஒன்று, புற்றையே இருப்பிடமாகக் கொண்ட வன்மீகநாதருடைய சந்நிதி. மூலட்டானம் என்று பழைய நூல்களும் சாசனங்களும் சொல்வது அதைத்தான். முறைப்படி மூலவரும் அவரே. மற்றொன்று, அதற்குத் தென்பால் தனி விமானத்தின் கீழ், உமையோடும் கந்தனோடும் எழுந்தருளியிருக்கும் தியாகராஜருடையது. ஏனைய தலங்களில் வீதி உலாவுக்கென்றே வார்க்கப்பெற்ற செப்புத் திருமேனிகள், உற்சவம் முடிந்ததும் மண்டபத்தின் ஒரு பக்கத்தில் அமர்ந்து அடுத்த திருநாளுக்குக் காத்திருக்க, இந்த ஊரில் மட்டும் வீதிக்கு உரிய மூர்த்தி தமக்கெனக் கருவறையும், பூஜையும், பரிவாரமும், கொடியும் உடையவராகி, ஊரையே தம் பெயரால் அறியச் செய்துவிட்டார். திருவாரூரின் சரித்திரம் என்பது, என் கருத்தில், பெரும்பாலும் இந்த ஒரு மாற்றத்தின் சரித்திரமே.

புற்றிடங்கொண்டார் தொன்மையானவர் என்பதில் ஐயம் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் அப்பர் சுவாமிகள் பாடிய பதிகங்களில் ஆரூர் அப்பொழுதே பழம்பதியாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அதே அப்பர், மார்கழி ஆதிரை நாளில் இவ்வூர் வீதிகளில் நடந்த விழாவின் பெருமையைத் தனிப் பதிகமாகவே பாடியிருப்பதையும், ஆழித்தேரைப் பெயர் சொல்லிக் குறித்திருப்பதையும் நோக்கும்பொழுது, கருவறைக்கு இணையாக வீதியும் இங்கே அக்காலத்திலேயே புனிதம் பெற்றுவிட்டது என்று துணியலாம். சுந்தரர் அடியார்களின் திருநாமங்களை வரிசைப்படுத்தித் திருத்தொண்டத்தொகை பாடியதும், பரவையாரை மணந்து இல்லறம் நடத்தியதும் இவ்வூரிலேதான்.

சோழர் காலத்தில் கதை வேகம் கொள்கிறது. சோழ மன்னர் முடிசூடுவதற்கு உரிய ஐந்து நகரங்களுள் ஆரூரையும் ஒன்றாக எண்ணுவது மரபு. செம்பியன் மாதேவியார் வளாகத்தினுள்ளேயே இருக்கும் அரநெறி என்னும் சிவாலயத்தைக் கற்றளியாக்கினார். அது பழைய லிங்கத் திருமேனிக்குச் செய்த திருப்பணி. அவருக்குப் பின் வந்த முதலாம் ராஜேந்திரனுடைய நாளில் அரச குலத்தின் கவனம் வீதிவிடங்கப் பெருமானாகிய தியாகராஜர்பால் திரும்பியது. அவருக்குக் கற்கோயில் எழுந்தது. அதற்குப் பொன் வேய்வித்தவர் அரசனின் அணுக்கியாகிய பரவை நங்கையார். சுந்தரர் மனைவியின் பெயரும் இந்நங்கையின் பெயரும் ஒன்றாயிருப்பது ஒரு விநோதம். ஆரூரில் பரவை என்ற பெயருக்கே ஒரு பாக்கியம் போலும்! அரசனும் நங்கையாரும் பெருமானைத் தரிசித்துச் சேர்ந்து நின்ற இடத்திலே ஒரு குத்துவிளக்கு வைக்கப்பெற்ற செய்தியைச் சாசனம் மறவாமல் குறித்து வைத்திருக்கிறது. கங்கை வரை படை நடத்திய ஒரு சக்கரவர்த்தி, தான் காதலித்த பெண்ணோடு நின்ற சிறிது நிலத்தை விளக்கேற்றி அடையாளப்படுத்தினான் என்பதைப் படிக்கும்பொழுது, மெய்க்கீர்த்திகளின் ஆரவாரமெல்லாம் தராத ஒரு நெருக்கம் அம்மன்னனிடம் நமக்கு உண்டாகிறது.

இன்னும் அதிசயமானது விக்கிரம சோழன் காலத்துச் சாசனம் ஒன்று. கன்றை இழந்த பசுவுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதையை அது விரித்துரைக்கிறது. அந்த அரசனின் அமைச்சர் வழியில் வந்த ஒருவருக்கு உரிமை வழங்குகிறது. வழங்குபவர் சோழ மன்னர் அல்லர்; வீதிவிடங்கப் பெருமானே ஆணை பிறப்பிப்பதாகச் சாசனம் அமைந்துள்ளது. கோயில் நிலங்களையும் விளக்குகளையும் ஆடுகளையும் கணக்கிட்டுக் கல்லில் வெட்டிய நாட்டில், சுவாமி தாமே அரசராக அமர்ந்து ஓலை எழுதுவிப்பது எளிதில் காணக் கிடைப்பதன்று. ராஜா என்ற சொல் அவர் திருநாமத்தில் வெறும் உபசாரமாக ஒட்டிக்கொண்டதன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

அரசர் என்றால் வந்த வழியைச் சொல்ல ஒரு புராணம் வேண்டுமல்லவா? திருமால் தம் மார்பில் வைத்துப் பூஜித்த சோமாஸ்கந்த மூர்த்தி, அவருடைய மூச்சின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இசைய அசைந்தாடினார். அதுவே அஜபா நடனம். பின்னர் இந்திரன் கைக்கு வந்த அம்மூர்த்தியை, அவனுக்குப் போரில் துணைநின்ற, குரங்கு முகம் படைத்த முசுகுந்தச் சக்கரவர்த்தி பரிசாகக் கேட்க, கொடுக்க மனமில்லாத இந்திரன் அதேபோல் ஆறு திருமேனிகளைச் செய்வித்து ஏழையும் முன்னே வைத்தான். முசுகுந்தன் உண்மையானதைத் தவறாது கண்டுகொண்டதனால், ஏழும் அவனுக்கே கிடைத்தன. ஆரூர், நள்ளாறு, நாகைக்காரோணம், காறாயில், கோளிலி, வாய்மூர், மறைக்காடு என்னும் ஏழும் சப்தவிடங்கத் தலங்களாகி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நடனத்துக்கு உரியதாயிற்று. காவிரியின் கடைமடையில் கிடக்கும் இந்த ஊர்களைத் தலைநகரும் அதன் கிளைகளுமாக ஒரு கதையினால் கட்டிவைத்தவர் யாராயினும், அவர் அரசியலும் அறிந்தவர் என்றே சொல்லத் தோன்றுகிறது.

இக்கதையைத் தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில், ஏறக்குறைய 1700ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், சிங்காதனம் என்னும் ஓவியர் வண்ணத்தில் தீட்டி, காட்சிதோறும் தமிழில் விளக்கமும் எழுதிவைத்தார். அண்ணாந்து பார்த்துக்கொண்டே கழுத்து நோவ நடந்தால், தேவலோகத்துக் கதை சொல்ல வந்தவர் தம் காலத்துத் திருவாரூர் ஊர்வலத்தையே வரைந்துவிட்டிருப்பது புலனாகும்: கொடிகள், குடைகள், வாத்தியக்காரர், ஆடும் மகளிர், வாணவேடிக்கை எல்லாம் அங்கே உண்டு.

பெருமானுடைய திருமேனி முழுவதையும் யாரும் காண்பதில்லை. ஆடைகளும் மாலைகளும் மூடியிருக்க, முகம் ஒன்றே தரிசனத்துக்கு உரியது. மார்கழித் திருவாதிரையில் ஒரு பாதமும் பங்குனி உத்திரத்தில் மற்றொரு பாதமும் வெளிப்படும். நித்திய அபிஷேகம் பக்கத்தில் பேழையிலிருக்கும் மரகத லிங்கத்துக்கு நடைபெறுகிறது. இரத்தின சிம்மாசனம், வீரவாள், தியாகக்கொடி, செங்கழுநீர் மாலை என்று அவருக்கு உரிய அங்கங்களை அடுக்கிக்கொண்டே போனால், அரண்மனைப் பொக்கிஷக் கணக்கை வாசிப்பதுபோல் இருக்கும். அவரைத் தோளில் தாங்குவோரும் நேரே நடந்து செல்வதில்லை. முன்னும் பின்னுமாகவும் பக்கவாட்டிலும் அசைந்து அசைந்து, அஜபா நடனத்தைத் தம் கால்களால் ஆடிக்காட்டுகிறார்கள். சாயரட்சையின்போது தேவேந்திரனே பூஜைக்கு வருவதாக ஐதிகம்.

இந்த ராஜசபைக்குச் சங்கீதம் தனி. குடம்போன்ற பெரிய வெண்கலப் பாத்திரம் ஒன்றில் நடுவே ஒரு வாயும் சுற்றிலும் நான்கு வாய்களுமாக ஐந்துக்கும் தோல் போர்த்து, வெறுங்கையால் முழக்கும் பஞ்சமுக வாத்தியத்தை இங்கே வாசிப்பவர்கள் பாரசைவர் என்னும் மரபினர். நாகசுரத்தின் சிறிய உருவமான முகவீணையும், பாரி நாயனமும், சுத்த மத்தளமும் இக்கோயிலின் சொத்துக்கள். எந்த வேளையில், எந்த இடத்தில், எந்த ராகம் ஒலிக்கவேண்டும் என்று நாகசுரக்காரர்களுக்கு ஒரு பத்ததியை வகுத்துக் கொடுத்தவர் ராமசாமி தீட்சிதர். அவருடைய புதல்வர் முத்துசுவாமி தீட்சிதர் இவ்வூரில் பிறந்து, வேற்றுமை உருபுகள் எட்டுக்கும் ஒன்றாகத் தியாகராஜர்மீது எட்டுக் கீர்த்தனைகள் செய்தார். சியாமா சாஸ்திரிகள் 1762லும், தியாகராஜ சுவாமிகள் 1767லும் பிறந்தது இதே ஊரில். ஆயுள் முழுவதும் ராமனையே பாடிய அம்மகான், பெயரளவிலாவது ஆரூர்ப் பெருமானை விட்டு நீங்கமுடியவில்லை!

தஞ்சையை ஆண்ட மராட்டியர் மொழியாலும் நாட்டாலும் வேற்றவர். ஆயினும் தியாகேசரைத் தங்கள் குலதெய்வமாகவே போற்றினர். 1684 முதல் ஆண்ட சகஜி மன்னர், தெலுங்கில் பல்லக்கி சேவா பிரபந்தம் இயற்றி இச்சந்நிதியில் நடிக்கச் செய்தார். பெருமானைப் பல்லக்கில் ஏற்றிப் பாடும் அந்த நாடகத்தில், ஒரு மன்னர் தம்மிலும் பெரிய மன்னருக்குக் குற்றேவல் செய்யும் இன்பம் ததும்புகிறது. கோயில் ஐந்து வேலி, கமலாலயக் குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி என்று ஊரார் பெருமையாகச் சொல்லும் கணக்கும் ஒரு சமஸ்தானத்தின் எல்லைக் கணக்கைப்போலவே ஒலிக்கிறது.

இத்தனைக்கும் சிகரம் ஆழித்தேர். அலங்காரம் முடிந்து நிற்கையில் 96 அடி உயரம், ஏறக்குறைய 300 டன் எடை. மூங்கிலும் பனஞ்சப்பையும் வண்ணத் துணிகளும் தொம்பைகளும் அதன் மேற்பாகம். பழைய தேர் 1926ல் தீக்கு இரையாயிற்று. புதிதாய்ச் செய்த தேர் 1930ல் ஓடியது. 1948க்குப் பிறகு அதுவும் நிலையைவிட்டு அசையாமல் நின்றுபோக, இருபத்திரண்டு ஆண்டுகள் வீதிவிடங்கர் தேரின்றி இருந்தார். 1970ல்தான் மீண்டும் வடம் பிடித்தார்கள். பின்னர் திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்புச் சக்கரங்களும் நீரழுத்தத் தடையும் அமைத்துக் கொடுத்தனர்.

அதனால் முட்டுக்கட்டைக்காரரின் வேலை போய்விடவில்லை. வடம் பிடிப்போர் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். அவர்களால் தேரை இழுக்க முடியுமேயன்றித் திருப்ப முடியாது. வலப்பக்கம் சாயவேண்டுமானால் வலச் சக்கரத்தின் கீழும், இடப்பக்கம் சாயவேண்டுமானால் இடச் சக்கரத்தின் கீழும் கட்டையைச் செருகி, அந்தப் பக்கம் தயங்க மறுபக்கம் முன்னேறும்படி செய்வது, உருளும் சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் கையை நீட்டும் துணிச்சல் உள்ளவர்களுக்கே கைவந்த தொழில். வீதி முனைகளில் அதுவும் போதாது. சக்கரங்களின் கீழ் இரும்புத் தகடுகளைப் பரப்பி, மசகு தடவி, வழுக்கச் செய்து அங்குலம் அங்குலமாகத் திருப்புகிறார்கள். ஒரு திருப்பத்துக்கே மணிக்கணக்கில் ஆகும். கீழவீதியிலிருந்து தெற்கு, மேற்கு, வடக்கு வீதிகளைச் சுற்றி நிலைக்கு வந்து சேர, முற்காலத்தில் பல நாள் சென்றன. இப்பொழுது ஒரு பகலில் முடிந்துவிடுகிறது. பங்குனி ஆயில்யமே தேருக்கு உரிய நாள் என்பது பழைய மரபு; அந்நாள் தவறி, வேறு நாள்களில் ஓடிய ஆண்டுகளும் உண்டு.